ஓ.எஸ்.எஃப். முன்பதிவுச் சேவை: ஆய்வாளர்களுக்கு எவ்வளவு பயன்படும்?

தரவைப் பார்த்துவிட்டு அதற்குத் தோதாகக் கருதுகோளை மாற்றி எழுதுவது ஆய்வுலகின் பழைய நோய். அதைத் தடுக்க, ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே தேதி முத்திரையோடு பூட்டி வைப்பதுதான் முன்பதிவு. ஓ.எஸ்.எஃப். (ஓப்பன் சயின்ஸ் ஃப்ரேம்வொர்க்) என்ற இணையதளத்தில் உள்ள இந்தச் சேவையை, 2013இல் தொடங்கிய சென்டர் ஃபார் ஓப்பன் சயின்ஸ் நடத்துகிறது. கட்டணம் கிடையாது.

கருதுகோள், மாதிரி அளவு, மாறிகள், பகுப்பாய்வு முறை, எந்தத் தரவைக் கழிப்பது என்று படிவம் ஒவ்வொன்றாகக் கேட்கிறது. பலரும் சறுக்குவது கடைசிக் கேள்வியில்தான். "அசாதாரண மதிப்புகள் நீக்கப்படும்" என்று எழுதினால் பதிவு செய்ததும் செய்யாததும் ஒன்றே. "சராசரியிலிருந்து 3 திட்டவிலக்கத்துக்கு அப்பால் உள்ளவை நீக்கப்படும், நீக்கியும் நீக்காமலும் வரும் முடிவுகள் இரண்டும் தரப்படும்" என்று எழுதுங்கள், பின்னால் கை வைக்க இடமிருக்காது. மாதிரி அளவிலும் எண் மட்டும் போதாது. சேகரிப்பை எப்போது நிறுத்துவீர்கள் என்பதும் வேண்டும்.

யோசனை திருடுபோகும் என்று அஞ்ச வேண்டாம்: பதிவை 4 ஆண்டுவரை மறைத்து வைக்கலாம். மதிப்பாய்வாளருக்குப் பெயர் மறைத்த இணைப்பு தரலாம். ஆனால் இணைத்த கோப்புக்குள் பெயர் இருந்தால் அது அப்படியே தெரியும். முதலில் அதை அழியுங்கள். பதிவைத் திரும்பப் பெற்றாலும் தலைப்பும் அடிப்படை விவரங்களும் நிற்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்தக் கண்டிப்புதான்.

எண்களைவிடப் பேட்டி, கவனிப்பு போன்றவற்றை நம்பும் பண்புசார் ஆய்வுக்குத் தனிப் படிவம் உண்டு. குறை ஒன்றே: திட்டத்தின் தரத்தை யாரும் சோதிப்பதில்லை. ஓட்டைத் திட்டத்துக்கும் அதே முத்திரைதான் விழுகிறது. அதனால் பூட்டுமுன் புள்ளியியல் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.