கொழும்பு ஈரக்காற்றில் பல்சா ஷீட் இறக்கை: நீண்ட நாள் பாவனைக்குப் பிறகு

மாதிரி விமான இறக்கைக்குப் பல்சா (மிக இலேசான மரம்) ஷீட் போர்த்துவதா, ரிப்புகளுக்கு (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டுகள்) மேல் பிலிம் (அயன் சூட்டில் ஒட்டி இறுக்கும் பிளாஸ்டிக் தாள்) மட்டும் போதுமா என்று கேட்பவர்களுக்கு: கொழும்பில் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் போர்த்துங்கள், குறைந்தது முன்விளிம்பிலிருந்து ஸ்பார் (இறக்கை நீளத்துக்கு ஓடும் முக்கியச் சட்டம்) வரைக்குமாவது, மேலும் கீழும். என்னிடம் இரண்டு விதமும் இருக்கின்றன. வெள்ளவத்தையில், கடலுக்குக் கிட்ட, ஒரே சுவரில் வருடக்கணக்காகத் தொங்குகின்றன. பிலிம் மட்டும் ஒட்டியது ஒவ்வொரு மழைக்காலமும் தொய்கிறது, அயன் வைத்து இறுக்கினால் நுனி முறுகிவிடுகிறது. ஷீட் போர்த்தியது இன்னும் நேராக நிற்கிறது. மேல் ஷீட், கீழ் ஷீட், மேல் ஸ்பாருக்கும் கீழ் ஸ்பாருக்கும் நடுவில் நிறுத்தி ஒட்டும் மெல்லிய பலகையான வெப் மூன்றும் சேர்ந்து ஒரு மூடிய குழாய் ஆகிவிடுவதுதான் காரணம். வெப்பை விட்டால் குழாய் மூடாது, எனவே அதில் சோம்பல் வேண்டாம்.

ஷீட் வாங்கும்போது தராசு கட்டாயம். 1/16 அங்குலத் தடிப்பு, 4 அங்குல அகலம், 36 அங்குல நீளம் உள்ள ஒன்று 14 கிராமும் இருக்கும், 24 கிராமும் இருக்கும், பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பாரம் குறைந்ததும் இலகுவாக வளைவதும் முன்விளிம்புக்கு, இடது, வலது இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி நிறையில் பிரித்து வையுங்கள்.

ஷீட்டுகளை இறக்கையில் வைத்து ஒவ்வொன்றாக ஒட்டுவதை விட, முதலில் மேசையில் விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒரே தோலாக்கிக்கொள்வது எவ்வளவோ நல்லது. ஒரு பக்கம் மாஸ்கிங் டேப், மறுபக்கம் மடித்துத் திறந்து மரப்பசை, வழிந்ததைத் துடைத்து, பாரம் வைத்துக் காயவிட வேண்டும். சூப்பர் குளூ வேகம்தான், ஆனால் காய்ந்த கோடு பல்சாவை விடக் கடினம், தேய்க்கும்போது மரம் குழிந்து கோடு மட்டும் மேடாக நிற்கும், பிலிம் போட்ட பிறகு அதுதான் கண்ணில் குத்தும்.

முன்விளிம்பு வளைவுக்கு வெளிப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் நனைத்தால் அந்தப் பக்கம் விரிந்து ஷீட் தானாகவே வளையும். அதைக் கட்டி வைத்துக் காயவிட்ட பிறகுதான் ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் காயும்போது சுருங்கி, ரிப்புக்கு ரிப்பு குழி விழும். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் இந்தக் காயவிடும் நேரம் நீளும், அவசரப்படாதீர்கள். நான் இந்த வேலையை ஜனவரி, பெப்ரவரிக்கே ஒதுக்கிவிடுவேன். ஒட்டும்போது இறக்கை பலகையில் ஊசி குத்தியபடியே இருக்கட்டும், இரண்டாவது ஷீட் காய்ந்ததும் அந்த வடிவம் அப்படியே பூட்டிக்கொள்ளும், முறுக்கு இருந்தால் முறுக்கும் சேர்ந்துதான்.

குறை என்றால் பாரம் கூடும், நகம் பட்டாலும் பள்ளம் விழும். பிலிம் போடும் முன் கண்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, துணி போட்டுச் சூடான அயனைத் தொட்டு எடுங்கள், அநேகமாக மரம் மேலே வந்துவிடும்.