எச்சில் குப்பியா, சீட்டுக்கட்டா?

வேளச்சேரியில் இருக்கும் தங்கை போன் செய்தாள். "அண்ணா, பையனுக்கு அந்த ஜீன் டெஸ்ட் எடுத்துடலாமா? எச்சில் கொடுத்தா போதுமாம்." அவனுக்கு ஒன்பது வயது. மெட்ரோ வேலைக்காகத் தெருவை அடைத்து, ஸ்கூல் வேன் சுற்றிப் போனால்கூட அழுகிறான். உளவியலாளரிடம் காட்டி, சீட்டுக்கட்டை வைத்துச் செய்யும் ஒரு தேர்வை எடுப்பது அவளுக்கு இருக்கும் இன்னொரு வழி.

மாறும் சூழலுக்கேற்ப மனம் வளைவதைப் பற்றிய ஆய்வுகளில் அதிகம் அடிபட்ட மரபணு காம்ட் (COMT). மூளையின் முன்பகுதியில் டோபமைன் என்ற, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளைச் சிதைக்கும் என்சைமை உருவாக்குவது இதுதான். அந்த என்சைமின் 158-ஆம் இடத்தில் வாலின் என்ற அமினோ அமிலம் இருந்தால் வேலை வேகம். மெத்தியோனின் இருந்தால் மெதுவாகும், டோபமைன் கூடுதல் நேரம் தங்கும். சீட்டுத் தேர்வில் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் சுமார் 4 சதவீதத்தை இது விளக்குவதாக 2001-இல் ஓர் ஆய்வு சொன்னது. 2008-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அதுவும் ஏறக்குறைய கரைந்துபோனது.

மரபுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. அதே 2008-இல், கொலராடோ இரட்டையர் ஆய்வில், நிர்வாகத் திறன்களின் (கவனத்தை மாற்றுவது, உந்துதலை அடக்குவது போன்றவை) பொதுவான அடித்தளத்துக்கு 99 சதவீத மரபுவழிப் பங்கு கிடைத்தது. இந்த எண்ணைக் கேட்டுத்தான் பெற்றோர் தடுமாறுகிறார்கள். அது ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாட்டின் கணக்கு. ஒரு பிள்ளையின் தலையெழுத்து அல்ல. அந்தப் பங்கும் ஒரே மரபணுவில் இல்லை. 2023-இல், சுமார் 4,27,000 பேரை வைத்துச் இதே திறன்களைப் பற்றிச் செய்த ஆய்வில், மரபணுத் தொகுப்பில் 129 இடங்கள் தென்பட்டன. ஒவ்வொன்றின் பலமும் துளிதான். அதுவும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவு. அதிலிருந்து வரும் மதிப்பெண் வேளச்சேரிப் பையனுக்கு அப்படியே பொருந்தாது.

சீட்டுத் தேர்வு வேறு மாதிரி. நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகிய மூன்றில் எதை வைத்துச் சீட்டுகளைச் சேர்ப்பது என்று பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். சரியா தப்பா என்று மட்டும் சொல்வார்கள். பத்து முறை தொடர்ந்து சரியாக வந்ததும், சொல்லாமல் விதியை மாற்றிவிடுவார்கள். பழைய விதியையே எத்தனை முறை பிடித்துத் தொங்குகிறான் என்று எண்ணுவார்கள். தங்கை தினமும் வீட்டில் பார்ப்பதும் இதையேதான். தூக்கம் கெட்டிருந்தாலோ பயந்திருந்தாலோ இதிலும் மதிப்பெண் சரியும். இந்த ஒன்றை வைத்து முடிவு கட்டவும் கூடாது. ஆனாலும் என் ஓட்டு இதற்கே.

"முந்தின ராத்திரி சீக்கிரம் தூங்க வைம்மா. தமிழ்லயே விளக்கச் சொல்லு. கிளாஸ் மிஸ் சொல்றதையும் எழுதி எடுத்துட்டுப் போ" என்றேன்.