என்எஃப்எல் வீரர்கள் போட்ட மார்க்: மூன்று வருட ரிப்போர்ட் கார்டுகளைப் படித்த அனுபவம்

அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில், வீரர்கள் சங்கம் முதல் ரிப்போர்ட் கார்டை வெளியிட்டது 2023 மார்ச்சில். 32 அணிகளிலும் சுமார் 1,300 பேர் பதில் சொல்லியிருந்தார்கள். சாப்பாடு, ஜிம், லாக்கர் ரூம், சிகிச்சை அறை, பயணம், குடும்பத்தை நடத்தும் விதம் என்று எட்டு தலைப்புகளில் ஒவ்வொரு அணிக்கும் கிரேடு. அடுத்த வருடம் ஹெட் கோச்சும் ஓனரும் உணவு ஆலோசகரும் சேர்ந்து தலைப்புகள் பதினொன்று ஆயின. 2023, 2024, 2025 மூன்றையும் வந்தவுடன் படித்து, பிறகும் அடிக்கடி திருப்பிப் பார்த்தவன் நான். அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கும் நண்பர்கள் பலர் ரேங்க் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சரக்கு முழுக்க இருப்பது கிரேடுக்குக் கீழே எழுதியிருக்கும் நாலு வரியில்.

ஃபீனிக்ஸ் பக்கம் குடியிருப்பதால் எனக்கு அரிசோனா கார்டினல்ஸ்தான் சொந்த அணி. முதல் கார்டில் அதற்கு 31ஆம் இடம். அந்த எண்ணை எளிதாக மறந்துவிடலாம். பயிற்சி முடிந்து இரவுச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனால் அதற்கான பணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள் என்ற வரியை என்னால் மறக்க முடியவில்லை. சாப்பாட்டுக்கு வீரரிடமே காசு கேட்கும் அணி என்று ஊரெல்லாம் பேசியது. அடுத்த கார்டு வருவதற்குள் அந்தப் பிடித்தம் நின்றுபோனது. சங்கத்துக்கு இதற்காக ஒரு வேலைநிறுத்தமோ வழக்கோ தேவைப்படவில்லை, வெளியே சொன்னதே போதுமாக இருந்தது.

"கோடிகளில் சம்பளம் வாங்குகிறவனுக்குச் சாப்பாட்டுக் காசு ஒரு குறையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், ஆனால் கோடிகளில் வாங்குவது எல்லாரும் அல்ல. 2023இல் புது வீரரின் குறைந்தபட்சச் சம்பளம் 7,50,000 டாலர், அதுவும் சீசன் முழுக்க அணியில் நீடித்தால். பிராக்டிஸ் ஸ்குவாடில், அதாவது முதன்மை அணிக்கு வெளியே பயிற்சிக்காக வைத்திருக்கும் குழுவில், இருப்பவருக்கு வாரத்துக்கு 12,000 டாலர், எந்த வாரமும் வெளியே அனுப்பலாம். சங்கத்தின் கணக்குப்படி ஒருவர் சராசரியாக விளையாடுவதே மூன்று வருடத்துக்குச் சற்று மேல்தான். அந்தக் குறுகிய காலத்தில் உடம்புதான் அவர் முதலீடு. அதற்குப் போடும் சோற்றில் கணக்குப் பார்ப்பது தொழிலாளியின் கருவிக்கு வாடகை கேட்பது போன்றது. ஓனர்களின் நிலையையும் பாருங்கள்: 2023 ஜூலையில் வாஷிங்டன் அணி கைமாறிய விலை 605 கோடி டாலர்.

என்னை அதிகம் உலுக்கிய தலைப்பு குடும்பம். ஆட்டநாளில் மனைவியும் குழந்தையும் ஸ்டேடியத்துக்கு வருவார்கள். உட்கார ஒரு அறை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு, இவ்வளவுதான் எதிர்பார்ப்பு. சின்சினாட்டி பெங்கால்ஸ் பற்றிய 2023 குறிப்பில், அப்படி அறை இல்லாததால் வீரர்களின் மனைவிகள் பொதுக் கழிவறைத் தரையில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்ததாக எழுதியிருந்தது. தொலைக்காட்சியில் எத்தனை கேமராக்கள் வைத்தாலும் இது நம் கண்ணுக்கு வந்திருக்காது. இந்த ஒரு தலைப்புக்காகவே ரிப்போர்ட் கார்டுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் கதை கொஞ்சம் நல்லது. முதல் கார்டில், லாக்கர் ரூமிலும் அழுக்குத்துணிக் கூடைகளிலும் வாரக்கணக்கில் எலி ஓடியதாகச் சொல்லியிருந்தார்கள், ரேங்க் 28. அந்த அணி புதுப் பயிற்சி வளாகத்தை ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தது. 2023 கோடையில் திறந்தார்கள், 2024இல் ஐந்தாம் இடம். புது கட்டடம் வந்தால் கிரேடு தானாக ஏறும். அதை நிர்வாகம் திருந்தியதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கட்டடத்தையும் ஆட்களையும் பிரித்துப் படிக்க வேண்டும் என்பதற்கு கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ்தான் சரியான பாடம். 2023, 2024 இரண்டு வருடமும் லீக்கின் ஃபைனலான சூப்பர் பௌல் ஜெயித்த அணி. 2024 கார்டில் ரேங்க் 31. கோச் ஆண்டி ரீடுக்கு வீரர்கள் கொடுத்தது ஏ பிளஸ், ஓனர் கிளார்க் ஹன்ட்டுக்கு எஃப் மைனஸ். லாக்கர் ரூமைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், செய்யவில்லை. ஃபைனல் வரை ஆடியதால் நேரம் கிடைக்கவில்லை என்று காரணம் சொன்னார்களாம். கோப்பை வாங்கித் தந்தவர்களிடம் கோப்பையையே சாக்காகச் சொல்வது எனக்கு இன்றும் கோபம் தருகிறது. வசதிக்கும் வெற்றிக்கும் நேரடித் தொடர்பு தேடுபவர்கள் இந்த அணியைப் பார்த்தாலே போதும், அப்படி ஒன்று இல்லை. இரண்டு முறை முதலிடம் பிடித்த மயாமி டால்ஃபின்ஸ் அந்த வருடங்களில் கோப்பைப் பக்கமே போகவில்லை.

குறைகளும் இருக்கின்றன. ஓர் அணியில் எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பது தெரியாது. 2025இல் மொத்தம் 1,695 பேர் என்பது நல்ல எண்ணிக்கைதான், ஆனாலும் அணிவாரியாகத் தந்திருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து ரேங்குகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்றும் புரியாது. இன்னொன்று காலம். 2024, 2025 கார்டுகளுக்குக் கேள்விகள் கேட்டது முந்தைய ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை, கார்டு வந்தது பிப்ரவரி கடைசியில். வாஷிங்டன் அணியை ஜோஷ் ஹாரிஸ் வாங்கிய பிறகும் 2024 கார்டில் அது கடைசி இடத்திலேயே இருந்தது இதனால்தான். பழைய ஓனர் விட்டுப்போன குளியலறையும் குழாயும் ஒரே மாதத்தில் மாறிவிடாது. 2025இல் 11ஆம் இடத்துக்கு வந்தது. ஒரு வருடக் கார்டை மட்டும் வைத்து எந்த அணியையும் திட்டாதீர்கள், இரண்டு வருடத்தைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

அதே 2025இல் கடைசி இடம் எங்கள் கார்டினல்ஸுக்கு. சாப்பாட்டுப் பிடித்தத்தை நிறுத்துவது ஒரு நாள் வேலை. ஃபீனிக்ஸை ஒட்டிய டெம்பியில் உள்ள பழைய பயிற்சிக்கூடத்துக்கு மாற்று தேட வருடங்களும் பெரிய பணமும் வேண்டும். செலவு குறைந்ததை இந்தக் கார்டு சீக்கிரம் மாற்ற வைக்கிறது, செலவு பெரிதானால் தள்ளாடுகிறது. மூன்று வருடத்தில் நான் கண்டது இதுதான்.

ஓனர்களுக்கு இது பிடிக்கவில்லை. எஃப் வாங்கிய நியூயார்க் ஜெட்ஸ் ஓனர் வுடி ஜான்சன் கருத்துக்கணிப்பு நடத்திய முறையே போலி என்றார். ஒருவர் மற்றவரைப் பொதுவில் குறைசொல்லாமல் தடுக்க முயல வேண்டும் என்று சம்பள ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு. அதைக் காட்டி லீக் புகார் கொடுத்தது. 2026 பிப்ரவரியில் அந்தப் புகாரை விசாரித்த தகராறுத் தீர்ப்பாளர் லீக் பக்கம் தீர்ப்புச் சொல்ல, வெளியிடுவது நின்றது. வீரர்களிடம் கேட்பதையும் முடிவை வீரர்களுக்குக் காட்டுவதையும் சங்கம் தொடரலாம். ஒப்பந்தம் முடிந்து அணி மாற நினைக்கும் ஃப்ரீ ஏஜென்டுக்கு அதனால் உதவி கிடைக்கும். ஆனால் கார்டினல்ஸ் சாப்பாட்டுப் பிடித்தத்தை நிறுத்தியது சங்கத்துக்குள் யாரோ படித்ததால் அல்ல, ஊர் படித்ததால். அந்த அழுத்தம் இனி இல்லை.

என் கிரேடு: குறிப்புகளுக்கு ஏ, ரேங்க் பட்டியலுக்கு சி. பழைய மூன்று கார்டுகளில் ஏதாவது ஒன்று கையில் கிடைத்தால் உங்கள் அணியின் பக்கத்தைத் திறந்து முதலில் குடும்பம், பிறகு சாப்பாடு, அதன் பிறகு (2024, 2025 கார்டானால்) ஓனர் என்ற வரிசையில் படியுங்கள்.