எம்-சாண்டா, பெண்டோனைட்டா, நார்த்தூளா? பூனை மண் பஞ்சாயத்து

கிருஷ்ணகிரி பழைய பேட்டையில் மாடி வீடு. தோண்ட மண் தரை இல்லை, ஆனால் பூனை உண்டு. அது மலம், மூத்திரம் போகத் தட்டில் பரப்பி வைக்கிற மண்ணுக்காகக் கடையில் போய் “கேட் லிட்டர் இருக்கா?” என்றேன். “எத்தனை லிட்டர் வேணும்?” என்றார் கடைக்காரர். அன்றிலிருந்து ‘பூனை மண்’ என்றே சொல்கிறேன். ஒன்றரை வருடத்தில் நாலு வகை போட்டுப் பார்த்தாயிற்று.

முதலில் எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்கிற கட்டுமான மணல். பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்தில் இரண்டு சட்டி சும்மாவே கிடைத்தது. பூனை ஆசையாகத்தான் தோண்டியது. ஆனால் மணல் மூத்திரத்தை உறிஞ்சாது, எல்லாம் அடியில் போய்த் தேங்கிவிடும். மூன்றாம் நாள் படியேறும்போதே மூக்கைப் பொத்த வேண்டியிருந்தது. மொத்தத்தையும் கொட்டி, கழுவி, மறுபடி மாடிக்குச் சுமக்க முதுகு ஒத்துழைக்கவில்லை.

அடுத்து பெண்டோனைட். குஜராத்தில் கட்ச் பக்கம் வெட்டியெடுக்கிற களிமண். ஈரம் பட்டால் உப்பி, கொழுக்கட்டை மாதிரி இறுகிவிடும். வடை எடுக்கிற மாதிரி ஓட்டைக் கரண்டியால் அந்த உருண்டையை மட்டும் அள்ளினால் போதும். விலை கூடத்தான், ஆனால் எனக்கு இதில் பெரிய லாபம் வேறு. எங்கள் கடுவன் தினம் மூன்று உருண்டை வைப்பான். ஒருநாள் கோலிக்குண்டு அளவில் ஏழெட்டு கிடந்தன. அவனோ தட்டிலேயே உட்கார்ந்து முக்கிக்கொண்டிருந்தான். கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். மூத்திரப்பாதை அடைக்கத் தொடங்கியிருந்தது. ஆண் பூனைக்கு அது முழுதாக அடைத்தால் ஓரிரு நாளில் உயிரே போகலாம். மணலாக இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

குறை இல்லாமல் இல்லை. புழுதி பறக்கும், பாதத்தில் ஒட்டிக் கட்டில் வரை வரும். கழிப்பறையில் கொட்டினால் குழாய்க்குள் உப்பி அடைத்துக்கொள்ளும். குட்டிகள் தின்று பார்க்கும், அதனால் முதல் மூன்று நாலு மாதத்துக்கு வேண்டாம். வாசனை சேர்த்ததை வாங்காதீர்கள். நான் லாவண்டர் பை வாங்கினேன், அவன் துணிக்கூடைக்குப் போனான்.

மர பெல்லட், அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த குச்சித் துண்டுகள், வாடையை நன்றாக அடக்கும், புழுதியும் குறைவு. ஆனால் எங்களுடையவன் ஒரு காலை வைத்து உதறிவிட்டு நகர்ந்தான். பூனைக்குப் பொடிப்பொடியாக இருந்தால்தான் பிடிக்கும்.

தேங்காய் நார்த்தூள் காவேரிப்பட்டணம் பக்கம் மலிவாகக் கிடைத்தது. எடையே இல்லை, ஈரத்தையும் இழுக்கும். உருண்டையாகத்தான் இறுகாது. வீடெல்லாம் பழுப்புத் தூள். தோட்டம் உள்ளவர்களுக்கு இது சரி, மட்கியதைப் பூச்செடிக்குப் போடலாம். கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

எதைப் போட்டாலும் இரண்டு மூன்று அங்குல ஆழம் வேண்டும், காலை மாலை அள்ள வேண்டும். மலத்தில் வரும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும், அதற்குள் அள்ளிவிட்டால் தொல்லை குறைவு. கர்ப்பிணிகள் தட்டைத் தொடாமல் இருப்பதே நல்லது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கொட்டி, பாத்திரம் தேய்க்கும் சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுக் கழுவி வெயிலில் காயவைக்கிறேன். ஃபினாயில் கூடவே கூடாது, பூனையின் ஈரலுக்கு அதைச் சமாளிக்கத் தெரியாது. பிளீச்சிங் பவுடர் மூத்திரத்தோடு சேர்ந்தால் நச்சுக் காற்று வரும்.

இப்போது வாசனையில்லாத பெண்டோனைட்தான் ஓடுகிறது. மிச்சமிருந்த பெல்லட் மூட்டையைக் கீழ்வீட்டு அக்கா வெந்நீர் அடுப்பு பற்றவைக்க வாங்கிப்போனார்.