தி நைஃப்: எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

ஸ்வீடனின் கோதன்பர்க் நகரைச் சேர்ந்த கரீன் டிரையர், ஓலோஃப் டிரையர் என்ற உடன்பிறப்புகள் 1999-இல் தொடங்கிய எலக்ட்ரானிக் இசைக்குழு தி நைஃப். புதிதாகக் கேட்பவர் 2003-இல் வந்த 'டீப் கட்ஸ்' ஆல்பத்தில் தொடங்கலாம். இல்லையேல் 2006-இன் 'சைலன்ட் ஷவுட்'.

முன்னது பளிச்சென்ற பாப். மெட்டுகள் முதல் தடவையே மனதில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் சில பாடல்கள் வெறும் விளையாட்டாகவே நின்றுவிடுகின்றன. பின்னதில் சுருதி மாற்றப்பட்ட கரீனின் குரல் ஆணா பெண்ணா, மனிதர்தானா என்றே தெரியாதபடி வருகிறது. சின்தசைசர்கள் என்ற மின்னணு இசைக்கருவிகள் இருண்டு, குளிர்ந்து ஒலிக்கின்றன. 2007-இல் ஸ்வீடனின் கிராமிஸ் விருதுகள் ஆறு கிடைத்தன. வாங்கத்தான் இருவரும் போகவில்லை!

என் ஓட்டு பின்னதற்கே. ஆட ஆசையிருந்தால் மட்டும் முன்னது. குழு கலைவதற்கு முந்தைய ஆண்டான 2013-இல் வந்த நீண்ட கடைசி ஆல்பம் பிறகு இருக்கட்டும்.