கெட்டது இம்ப்ளாண்ட் இல்லை, திருகு: பல் கட்டப் போகிறவர்கள் ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்

கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு நான் இம்ப்ளாண்ட் வைத்து ஒன்றரை வருடம் தாண்டிவிட்டது. அதில் ஏழு மாதம் ஆடுகிற பல்லோடு அலைந்தேன். கடைசியில், "இம்ப்ளாண்ட் ஃபெயில் ஆகிவிட்டது, எலும்பிலிருந்து எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்" என்று சொல்லி, மறுபடி முழுப் பணத்தையும் கேட்டார்கள். அது உண்மை இல்லை. எலும்புக்குள் இருந்த இம்ப்ளாண்ட் அன்றும் அசையவில்லை, இன்றும் அசையவில்லை. அதையும் மேலே இருக்கிற பல்லையும் பிணைக்கிற, 2 மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத ஒரு திருகில்தான் கோளாறு. அந்தத் திருகைப் பற்றி எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல்தான் நான் மாட்டினேன். எலும்புக்குள் இறங்குகிற டைட்டானியம் துண்டுதான் இம்ப்ளாண்ட். அதன் மேல், ஈறைத் தாண்டி வெளியே நிற்கிற குட்டித் தூணுக்கு அபட்மென்ட் என்று பெயர். அந்தத் தூணின் மேல் உட்காருவது நாம் கேப் என்று சொல்கிற பல். தூணை இம்ப்ளாண்டோடு சேர்த்துப் பிடித்திருப்பது உள்ளே போகிற திருகு. எலும்பு இம்ப்ளாண்டோடு ஒட்டி வளர மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். எனக்கு நான்கு மாதம். அவ்வளவு காத்திருந்துவிட்டு, மேலே மாட்டுகிற வேலையைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் கதை.

பல் மாட்டிய நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், டாக்டர் அவசரத்தில் இருந்தார். விரல் நீளத்துக்கு ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரை நுனிவிரலில் பிடித்து நாலு சுற்று சுற்றினார். "டைட் ஆகிவிட்டது" என்றார். கேப்புக்குள் சிமென்ட் தடவி அழுத்தி, பஞ்சைக் கடித்துக்கொள்ளச் சொன்னார். எக்ஸ்ரே எடுக்கவில்லை. கடி சரியாக இருக்கிறதா என்று நீலத்தாளை ஒரே ஒரு முறை வைத்துப் பார்த்தார். நானும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

ஐந்தாவது வாரம், நாக்கால் தள்ளிப் பார்த்தபோது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். காதில் கேட்பதைவிடத் தாடை எலும்பில் கேட்கிற மாதிரி. வலி துளியும் இல்லை. ஆனால் காலையில் எழுந்தால் அந்தப் பக்கத்தில் மட்டும் தேங்கிய தண்ணீர் மாதிரி ஒரு கெட்ட ருசி. இது இரண்டும் சேர்ந்து வந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். இம்ப்ளாண்டுக்கு நரம்பு கிடையாது, அது வலித்து எச்சரிக்காது. திருகு தளர்ந்தால் இரண்டு உலோகங்களுக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. அதற்குள் எச்சிலும் கிருமியும் போய்த் தங்குகின்றன. அந்த ருசி அங்கிருந்துதான் வருகிறது.

திரும்பப் போனேன். "இதெல்லாம் சாதாரணம், திருகு கொஞ்சம் லூஸ், அவ்வளவுதான்" என்றார்கள். கேப்பைச் சிமென்ட் வைத்து ஒட்டியிருந்ததால் கழற்ற முடியவில்லை. மேலே துளை போட்டு, உள்ளே இருந்த திருகை மறுபடியும் கையாலேயே முறுக்கி, துளையை அடைத்து அனுப்பினார்கள். அன்றைக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள், அதன் பிரதியை என் ஃபைலிலும் வைத்தார்கள். "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்றார்கள். இந்தப் படத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டரை மாதத்தில் மறுபடி ஆட்டம். மறுபடி துளை, முறுக்கு, அடைப்பு. அதற்கு மூன்று மாதம் கழித்து மூன்றாவது முறை. இந்தத் தடவை குற்றம் என் மேல் வந்தது. நான் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேனாம், கடினமானதை மெல்லுகிறேனாம். பல்லைக் கடிக்கிறவர்களுக்குத் திருகு சீக்கிரம் தளரும் என்பது உண்மைதான். ஆனால் அப்படிச் சந்தேகம் இருந்தால் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், இரவில் போட்டுக்கொள்கிற கவசம் செய்து கொடுத்திருக்க வேண்டும். மூன்றாவது முறை தளர்ந்த பிறகு நோயாளியைக் குறை சொல்வது மழுப்பல்.

அடுத்த மாதமே, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பல் கையோடு வந்துவிட்டது. கேப், அதற்குள் அபட்மென்ட், அதன் நடுவே தலையோடு பாதித் திருகு. மீதிப் பாதி உள்ளேயே நின்றுவிட்டது. நல்ல வேளை, விழுங்கவில்லை. அதைக் கொண்டுபோய்க் காட்டியபோதுதான் "இம்ப்ளாண்ட் ஃபெயில்" என்ற தீர்ப்பு வந்தது. வாய்க்குள் இருந்த இம்ப்ளாண்டை அவர்கள் தொட்டு அசைத்துக்கூடப் பார்க்கவில்லை. எலும்பிலிருந்து எடுக்க வேண்டும், எலும்புத்தூள் வைக்க வேண்டும், ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். அப்படி எழுந்து வந்ததுதான் நான் செய்த ஒரே சரியான காரியம்.

இன்னொரு டாக்டரிடம் போனேன். செயற்கைப் பல் பொருத்துவதிலேயே சிறப்புப் படிப்பு படித்தவர். அவர் முதலில் செய்தது, இம்ப்ளாண்டின் விளிம்பைப் பிடித்து அசைத்துப் பார்த்தது. கல் மாதிரி நின்றது. பிறகு பழைய ஃபைலைக் கேட்டார். நான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன அந்த எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, பேனா நுனியால் காட்டினார். இம்ப்ளாண்டும் அபட்மென்ட்டும் சேருகிற இடத்தில், ஒரு பக்கமாக, முடி அளவு கறுப்புக் கோடு. சரியாக உட்கார்ந்திருந்தால் அந்த இடத்தில் உலோகம் உலோகத்தோடு ஒட்டி ஒரே வெள்ளையாகத் தெரிய வேண்டும். அந்தக் கறுப்புக்கோடுதான் இடைவெளி. அந்தப் படம் அத்தனை மாதமும் என் அலமாரியில்தான் இருந்தது. எடுத்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்றார்கள்.

உடைந்த துண்டை எடுக்கத் தாடையைத் துளைப்பார்களோ என்று பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். ஆனால் தலை போய்விட்ட திருகுக்கு இழுப்பு இல்லாததால், துண்டு பெரும்பாலும் உள்ளே தளர்வாகத்தான் கிடக்குமாம். பல்லில் காரை சுத்தம் செய்கிற அதிர்வுக் கருவியின் நுனியை அதன் மேல் வைத்து, இடப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்தார். இருபது நிமிடத்தில் துண்டு தானாக மேலே ஏறி வந்தது. இம்ப்ளாண்டின் உள் மரை கெடவில்லை. அவசரப்பட்டு உள்ளே துரப்பணம் போட்டிருந்தால் மரை போயிருக்கும், அப்போது இம்ப்ளாண்டை நிஜமாகவே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார்.

பழைய அபட்மென்ட்டைப் பூதக்கண்ணாடியில் எனக்கே காட்டினார். அடிப்பக்கத்து ஆறுமூலை முனையில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது, எதிர்ப்பக்கம் புதிதுபோல் மங்கலாகவே இருந்தது. அதாவது அது முழுதாக உட்காரவே இல்லை. அந்த அபட்மென்ட் இம்ப்ளாண்ட் தயாரித்த நிறுவனத்துடையதும் இல்லை. ஒத்துப்போகும் என்று சொல்லி வேறு யாரோ செய்தது. எனக்குக் கொடுத்த சிகிச்சைத் தாளில் எல்லாப் பாகமும் ஒரே நிறுவனத்துடையது என்றுதான் எழுதியிருந்தது. வேறு நிறுவனப் பாகங்கள் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை, துல்லியமாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இங்கே அளவு மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கில், பேசப்படுகிற விஷயம். நூலிழை தப்பினாலும் தூண் உள்ளே லேசாகத் திரும்பி ஆடும், ஒவ்வொரு மெல்லலுக்கும் திருகைக் கழற்றும். எதைப் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போட வேண்டும். பொய் சொல்லிப் போட்டால் அது ஏமாற்று.

இறுக்குவது பற்றி அவர் சொன்னதை நான் யாரிடம் பேசினாலும் திரும்பச் சொல்கிறேன். திருகு ஒரு ஆணி மாதிரி சும்மா பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. சரியான அளவுக்கு முறுக்கும்போது அது மிக மிகக் கொஞ்சமாக நீளுகிறது. நீண்ட திருகு சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்புதான் இரண்டு பாகங்களையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. அழுத்தம் போதுமான அளவு இருந்தால் மெல்லும் சுமை அந்தச் சேர்மானத்தின் வழியாக இறங்கிவிடும், திருகுக்குத் தொல்லை அதிகம் வராது. போதாவிட்டால் ஒவ்வொரு கடிக்கும் சேர்மானம் திறந்து மூடும், திருகு வளைந்து நிமிரும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் என்ன ஆகும்? என் திருகு அப்படித்தான் உடைந்தது.

அதனால்தான் கை வேலை போதாது. ஒருவர் விரல் முறுக்கும் இன்னொருவர் விரல் முறுக்கும் ஒன்றாக இருக்காது. எத்தனை விசையில் இறுக்க வேண்டும் என்பதைத் தயாரித்தவர்களே எண்ணாகக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் 15 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டருக்குள் வரும். அதை அளந்து இறுக்க டார்க் ரெஞ்ச் என்று ஒரு கருவி இருக்கிறது. குறைந்தால் தளரும், மிஞ்சினால் திருகே கெடும். அந்த ரெஞ்சும் தொடர்ந்து சுத்திகரிக்கப்பட்டுத் தேய்ந்து தப்பு அளவு காட்டும் என்பதால், அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்.

இந்த ஆறுமூலை விஷயத்தில் ஒரு பழைய கதையும் உண்டு. ஸ்வீடனில் பிரோனேமார்க் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு டைட்டானியம் இம்ப்ளாண்ட் வைத்தார். அந்த வகை இம்ப்ளாண்டின் தலையில் வெளியே துருத்தி நின்ற ஆறுமூலைக் குமிழ், முதலில் இம்ப்ளாண்டை எலும்புக்குள் சுற்றி இறக்குவதற்காக இருந்தது. பல பற்களைச் சேர்த்துக் கட்டிய காலத்தில் பெரிய சிக்கல் இல்லை. ஒற்றைப் பல்லுக்குப் பயன்படுத்தத் தொடங்கியபோது, பல் திரும்பாமல் தடுக்கும் பொறுப்பும் அந்தக் குட்டைக் குமிழின் மேல் விழுந்தது, திருகு தளர்வதும் பெரிய தொல்லையாக இருந்தது. உள்ளே ஆழமாகச் செருகும் அமைப்புகளும், கூம்பு வடிவில் இறுகப் பிடிக்கும் அமைப்புகளும் பிறகு பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆக, திருகு தளரும் என்பது இந்தத் துறைக்குப் பல பத்து வருடங்களாகத் தெரிந்த சங்கதி. "ஏன் என்று தெரியவில்லை" என்று சொல்ல யாருக்கும் இடமில்லை.

இரண்டாவது டாக்டர் மாட்டிய விதத்தை அருகிலிருந்து பார்த்தேன். கையில் கண்ணாடி கொடுத்திருந்தார். புது அபட்மென்ட், புதுத் திருகு. லேபில் வேலை செய்யும்போது முறுக்கித் தேய்ந்த திருகை வாயில் போடக்கூடாது என்று, மூடியிருந்த உறையை என் கண்ணெதிரே பிரித்தார். ஸ்க்ரூடிரைவரில் ஒரு நூல் கட்டியிருந்தது, கை நழுவினால் தொண்டைக்குள் போகாமல் இருக்க. விரலால் மெல்ல முறுக்கி உட்காரவைத்துவிட்டு முதலில் எக்ஸ்ரே எடுத்தார். கோடு இல்லை. அதற்குப் பிறகுதான் ரெஞ்சை எடுத்தார். கைப்பிடி அளவுகோலில் 35-க்கு வரும் வரை நிதானமாக இழுத்தார். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை, பத்து நிமிடம் உட்காரச் சொன்னார். மரைகளின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் இருக்கும், இறுக்கியதும் அது நசுங்கிக் கொடுக்கும், இழுப்பு கொஞ்சம் குறையும் என்றார். பத்து நிமிடம் கழித்து மறுபடி 35. ரெஞ்ச் இன்னும் கொஞ்சம் நகர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். முதல் இடத்தில் நான் உட்காராத பத்து நிமிடம் அதுதான்.

இந்த முறை சிமென்ட் இல்லை. திருகாலேயே நிற்கிற பல். சிமென்ட் வைப்பது எப்போதும் தப்பு என்று அர்த்தமில்லை, சில கோணங்களில் வேறு வழியில்லாமல் போகலாம். ஆனால் ஈறுக்கடியில் சிமென்ட் மிச்சம் தங்கினால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் புண்ணாகும், திருகு தளர்ந்தால் என்னுடையதைப் போலத் துளைபோட வேண்டி வரும். இப்போது திருகின் தலை மேல் வெள்ளை டெஃப்லான் நாடாவைச் சுருட்டி வைத்து, அதன் மேல் பல் நிறத்தில் அடைத்திருக்கிறார். எப்போது வேண்டுமானாலும் திருகுக்குச் சேதமில்லாமல் திறக்கலாம்.

கடியைச் சரிபார்க்கவே அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். இயற்கைப் பல் மெல்லிய சவ்வின் மேல் உட்கார்ந்திருப்பதால் கடிக்கும்போது 25 முதல் 100 மைக்ரான் வரை அமுங்கிக் கொடுக்கும். இம்ப்ளாண்ட் எலும்போடு இறுகியது, 3 முதல் 5 மைக்ரான்தான். உயரத்தைச் சமமாக விட்டால் இறுக்கிக் கடிக்கும்போது முழுப் பாரமும் இம்ப்ளாண்ட் பல் மேல் விழும். அதனால் லேசாகக் கடித்தால் தொடாமலும், இறுக்கிக் கடித்தால் மட்டும் தொடும்படியும் தேய்த்துவிட்டார். பக்கவாட்டில் உரசுகிற இடத்தையும் விட்டுவைக்கவில்லை.

முதல் இடத்துக்குத் திரும்பப் போய் பாகங்களின் ஸ்டிக்கரைக் கேட்டேன். ஒவ்வொரு உறையிலும் நிறுவனம், மாடல், தொகுதி எண் அச்சிட்ட ஒரு ஒட்டுச்சீட்டு இருக்கும், அது நோயாளியின் பதிவில் இருக்க வேண்டும். "அதெல்லாம் நாங்கள் வைத்துக்கொள்வதில்லை" என்றார்கள். நான்கு முறை அலைந்த பிறகு இம்ப்ளாண்டின் ஸ்டிக்கர் கிடைத்தது. அபட்மென்ட்டுக்கு ஒன்றுமே இல்லை. உடைந்த துண்டையும் பெரிதாக்கிய எக்ஸ்ரேயையும் மேஜை மேல் வைத்தபோது பேச்சு மாறியது. அபட்மென்ட்டுக்கும் கேப்புக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பித் தந்தார்கள். தவறு என்று எழுத்தில் எதுவும் தரவில்லை. போன ஏழு மாதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

நீங்கள் பல் மாட்டப் போகிற நாளில், நாற்காலியில் சாய்வதற்கு முன்பே, எந்த நிறுவனத்து அபட்மென்ட், எத்தனை நியூட்டன் சென்டிமீட்டர், உட்கார்ந்த பிறகு எக்ஸ்ரே உண்டா என்று கேட்டுவிடுங்கள். நல்ல டாக்டருக்கு இந்தக் கேள்விகள் கோபம் வரவைக்காது. ஒரு முறை தளர்ந்தால் காரணம் கேளுங்கள். இரண்டாவது முறையும் வெறும் முறுக்கோடு அனுப்பினால் ஃபைலை வாங்கிக்கொண்டு வேறு இடத்தில் காட்டுங்கள். "ஃபெயில்" என்ற வார்த்தை வந்தால், மேலே உள்ளதைக் கழற்றிவிட்டு இம்ப்ளாண்டை மட்டும் அசைத்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். அசைவது இம்ப்ளாண்டா, அதன் மேலிருக்கிற பல்லா என்பது முற்றிலும் வேறு வேறு.

என் டைரியின் கடைசிப் பக்கத்தில் இப்போது மூன்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்: இம்ப்ளாண்ட், அபட்மென்ட், திருகு. அவற்றுக்குக் கீழே டாக்டரே பேனாவால் எழுதிக் கொடுத்தார்: "35, இரண்டு முறை." பக்கத்தில் தேதி, அதற்கடியில் அடுத்த சோதனைக்கு வரவேண்டிய தேதி.