வெறும் பக்கம் திரும்பும் தேடல் படிவம்: மைஎஸ்கியூஎல்ஐயா, பிடிஓவா?

தேடல் படிவத்தில் பெயரை இட்டுப் பொத்தானை அழுத்துகிறோம்; தரவுத்தளத்தில் அந்தப் பதிவு இருந்தும் பக்கம் வெறுமையாக வருகிறது. வலைத்தள நிரல்மொழியான பிஎச்பியிலிருந்து மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை அணுகப் பெரும்பாலோர் கையாளும் வழிகள் இன்று இரண்டுதான்: மைஎஸ்கியூஎல்ஐ (MySQLi), பிடிஓ (PDO). அதே பெயரில் பிஎச்பியில் இருந்த பழைய இணைப்புக் கருவியான மைஎஸ்கியூஎல் நீட்சி 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7.0இலேயே நீக்கப்பட்டுவிட்டதால், அதை நம்பி எழுதிய நிரலைத் திருத்திக்கொண்டிருப்பது வீண் வேலை. எஞ்சிய இரண்டையும் வேகத்தை வைத்து ஒப்பிடுவோர் உண்டு. பழுது பார்ப்பவனுக்கோ, தவறு நேரும்போது எது வாய் திறக்கிறது என்பதே கேள்வி.

இதில் இரண்டுமே நெடுநாள் ஊமையாகத்தான் இருந்தன. அட்டவணையின் பெயரில் ஓர் எழுத்து பிசகினால், மைஎஸ்கியூஎல்ஐ வினவலைத் தயாரிக்கும் இடத்தில் பொய் என்ற மதிப்பைத் திருப்பிவிட்டு அமைதி காக்கும். நிரல் அடுத்த வரியில் விழும். நாம் பிழையில்லாத அந்த வரியைத் துருவிக்கொண்டிருப்போம். பிஎச்பி 8.0 பதிப்பில் பிடிஓவும், 8.1 பதிப்பில் மைஎஸ்கியூஎல்ஐயும்தான் பிழையை விதிவிலக்காக எறிவதை (exception), அதாவது நிரலை நிறுத்திப் பிழையை அறிவிப்பதை, இயல்புநிலையாக ஏற்றன. இன்னும் பிஎச்பி 7.4 ஓடும் வழங்கியில் எதைப் பயன்படுத்தினாலும் அந்த அமைப்பை நாமே இயக்க வேண்டும்.

வினவலோடு மதிப்புகளைப் பிணைப்பதில் பிடிஓ எளிது: அவற்றை ஓர் அணியாக (array) அடுக்கிக் கொடுத்தால் போதும். மைஎஸ்கியூஎல்ஐயில் ஒவ்வொரு மதிப்பின் வகையையும் ஓரெழுத்துக் குறிகளால் சொல்ல வேண்டியிருந்தது, 8.1 முதல் அங்கும் அணியை ஏற்கிறார்கள். ஆனால் பிடிஓவின் எளிமைக்குள் ஒரு பொறி இருக்கிறது. தயார்நிலை வினவல் (prepared statement) என்பது மதிப்புகளுக்கு இடம்விட்டு முன்கூட்டியே தயாரிக்கும் வினவல்; மைஎஸ்கியூஎல்லுக்கு அதைப் பிடிஓ இயல்பாகத் தானே பாவனை செய்கிறது. அணியில் தந்த எண்களையும் சரங்களாகக் கருதி மேற்கோளுக்குள் வைப்பதால், பக்கத்துக்கு 10 பதிவுகள் என்று வரம்பு கட்டும் வினவல் தொடரியல் பிழையில் முடிகிறது. பாவனையை அணைத்தால் இது தீரும். ஆனால் அதன்பின் மதிப்பு வந்தமரும் இடத்தைக் காட்டும் ஒரே பெயர்கொண்ட இடக்குறியை ஒரு வினவலில் இருமுறை எழுத முடியாது. எனக்கு இந்தப் பரிமாற்றம் சம்மதமே.

மைஎஸ்கியூஎல்ஐயின் பொறி வேறு வகை. தயார்நிலை வினவலின் முடிவுகளைச் சேமித்துக்கொள்ளாமல் வரிசை எண்ணிக்கையைக் கேட்டால் அது 0 என்று விடை தரும். 'பதிவு இல்லை' என்ற பொய்ச்செய்திக்கு இது அடிக்கடி காரணமாகிறது.

தமிழ்ப் பெயர்களைத் தேடும்போது மட்டும் இரண்டும் ஒன்றுபோலக் கைவிடும். இணைப்பின் எழுத்துத்தொகுதி, தமிழெழுத்துகள் இல்லாத லத்தீன்1 (latin1) ஆக இருந்தால், அனுப்பிய பைட்டுகள் வேறெழுத்துகளாகப் படிக்கப்பட்டு எந்தப் பதிவோடும் பொருந்தாமல் போகும்; பிழைச்செய்தியும் வராது. பிடிஓவில் இணைப்புச் சரத்திலும், மைஎஸ்கியூஎல்ஐயில் இணைத்த கையோடும் தமிழையும் தாங்கும் எழுத்துத்தொகுதியான யூடிஎஃப்8எம்பி4 (utf8mb4) என்று குறிப்பிட்டாக வேண்டும்.

புதிதாக எழுதுவோர் பிடிஓவை எடுக்கலாம். பிஎச்பி 8.2இல் ஓடும் மைஎஸ்கியூஎல்ஐ நிரலை மாற்றி எழுத எனக்குக் காரணம் தெரியவில்லை. தயாரிப்பு, பிணைப்பு, இயக்கம் மூன்றையும் ஒரே அழைப்பில் முடிக்கும் வசதி அதில் வந்துவிட்டது. எதுவாயினும், படிவத்தின் உள்ளீட்டுப் பெட்டிக்குப் பெயர்ப் பண்பு இல்லாவிட்டால் மதிப்பு வழங்கியை எட்டவே எட்டாது. ஆகவே வந்து சேர்ந்த மதிப்பை முதலில் அச்சிட்டுப் பார்த்துவிட்டு வினவலைத் தொடுங்கள்.